பனிமுனைக்குப் போகும் பாதை பரங்கிப்பேட்டை வழியாக!

வடமுனையிலே பனி உருகினால் வடலூரானுக்கு என்ன, கடலூரானுக்கு என்ன? இப்படிக் கேட்கிறார் நண்பரொருவர். கேட்கட்டும். கேள்வி கேட்கும் பழக்கத்தை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். நம்மை நோக்கி ஒரு கேள்வி வரும்போது முகம் சுளிக்கலாமா?

பதிலைச் சொல்லுமுன் அவரைத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை அங்கே கடல் எழுந்து வந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் 'தானே' புயல் கரை கடந்தது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு வீழ்ந்தன. பாட்டன் நட்ட மரம் பேரனின் கண்ணெதிரே சாய்ந்தது. 2015இல் வெள்ளம். 2024 டிசம்பரில் 'ஃபெஞ்சல்' பொழிந்த மழை தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரைச் சூழ்ந்தது. ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வந்தது. அதற்கும் வானுக்கும் தொடர்பில்லை. மற்றவை அனைத்தும் காற்றின் கணக்கு. அந்தக் கணக்கின் ஒரு பக்கம் வங்கக் கடலில் எழுதப்படுகிறது. மறுபக்கம் எங்கே எழுதப்படுகிறது என்று தேடிப் போனால், சிதம்பரத்துக்கு வடக்கே 67 பாகை தள்ளி, ஞாயிறு நான்கு மாதம் முகம் காட்டாத ஒரு நிலத்தில் போய் நிற்கிறோம்.

கோடையில் சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடியிலே வெறுங்காலோடு நடக்கலாம். தார்ச்சாலையிலே நடக்க முடியுமா? வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்கிக்கொள்கிறது. வடமுனையின் கதையும் இதுதான். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி வானுக்கே அனுப்பிவிடும். பனி விலகிக் கருங்கடல் தெரிந்தால் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே குடித்துவிடும். குடித்த கடல் சூடேறும். சூடேறிய கடல் மேலும் பனியைக் கரைக்கும். கரைந்த இடத்தில் மேலும் கடல். வட்டிக்கு வட்டி போடும் லேவாதேவிக்காரனை நம் உழவர்களுக்குத் தெரியும். இயற்கையும் அந்தக் கணக்கிலேதான் இங்கே வசூலிக்கிறது. 1980களில் செப்டம்பர் மாதத்தில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்த கடற்பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. 1979க்குப் பிறகு உலகம் சராசரியாகச் சூடேறிய வேகத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வடமுனை சூடேறியிருக்கிறது என்று 2022இல் பின்லாந்து அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராது. குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் குவளை வழிகிறதா? வழியாது. ஆனால் கிரீன்லாந்தின் தரைமேல் குன்றாய்க் குவிந்திருக்கும் பனி கரைந்து ஓடிவந்தால், குவளைக்கு வெளியிலிருந்து ஊற்றியதுபோல. அது முழுதும் கரைந்தால் உலகக் கடல் ஏழு மீட்டர் உயரும். நாளைக்கே நடப்பதல்ல, பல நூற்றாண்டுக் கதை. ஆனால் கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் சாமியார்பேட்டையிலும் குடிசை போட்டிருப்பவனுக்கு ஏழு மீட்டர் வேண்டியதில்லையே, ஒரு முழம் போதுமே!

மழைக்கும் அங்கே நூல் ஓடுகிறது. வடமுனையை அடுத்த காரா கடலில் பனி குறைந்த ஆண்டுகளில், இந்தியாவில் தென்மேற்குப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பெருமழைகள் மிகுவதாகக் கோவாவிலுள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் எழுதினார்கள். அது மத்திய இந்தியாவைப் பற்றிய ஆய்வு. நம் கடலூருக்குச் சோறு போடுவதும் சோதனை தருவதும் வடகிழக்குப் பருவம். அந்த மழைக்கும் வடமுனைக்கும் உள்ள உறவை யார் ஆராய்வது? மும்பைக்காரன் தன் மழையைப் பார்ப்பான். டெல்லிக்காரன் தன் வெயிலைப் பார்ப்பான். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றி இரவெல்லாம் விழித்திருந்து எண்ண, அந்த மழையில் நனைந்து வளர்ந்தவன் வேண்டாமா?

அதற்குத்தான் சொல்கிறோம்: நம் பிள்ளைகள் பனிமுனைக்குப் போகவேண்டும். போகப் பயிற்சி வேண்டும்.

அங்கே இந்தியாவுக்கு ஒரு வீடே இருக்கிறது. நார்வே நாட்டின் ஆளுகையிலுள்ள சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், வடதுருவத்துக்கு 1,200 கிலோமீட்டர் தொலைவில், நீ ஓலெசுண்ட் என்றொரு சிற்றூர். 1920இல் சுவால்பார்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நாம் அடிமைகளாயிருந்ததால் பிரிட்டிஷார் இந்தியாவின் பெயராலும் சேர்த்தே கையெழுத்திட்டார்கள். அடிமை நாளில் போட்ட கையெழுத்து விடுதலை நாளில் பயன்பட்டது! 2007இல் இந்தியாவின் முதல் ஆய்வுக்குழு அங்கே சென்றது. 2008 ஜூலை முதல் நாள் 'ஹிமாத்ரி' நிலையம் திறக்கப்பட்டது. பனிமலை என்பது பொருள். பனிமலை என்றே வைத்திருந்தால் பனி கோபித்துக்கொண்டிருக்காது. கிடக்கட்டும், பெயர்ச்சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். 2014இல் அருகிலுள்ள கோங்ஸ்பியோர்டன் கடற்குடாவில் 192 மீட்டர் ஆழத்தில் கருவிகளை இறக்கினார்கள். 2016இல் காற்றாய்வுக்கென்றே குரூவெபாடெட் என்னுமிடத்தில் ஆய்வுக்கூடம் வந்தது. மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, விழுவது மழையா பனியா, காற்றிலே மிதக்கும் தூசு எத்தனை, அதில் கரி எத்தனை என்று அந்தக் கருவிகள் அளந்துகொண்டே இருக்கின்றன.

அந்த ஊரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அது முதலில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 நவம்பரில் சுரங்கம் வெடித்து 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிணங்களை எடுத்ததோடு நார்வே மக்கள் வாய்மூடிக் கிடக்கவில்லை. பாராளுமன்றத்தில் கேட்டார்கள், பாதுகாப்பு என்ன ஆயிற்று, பொறுப்பு யாருடையது என்று துளைத்தார்கள். 1963 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றது. நெடுங்காலம் ஆண்ட கெர்ஹார்ட்சனின் அமைச்சரவை கவிழ்ந்தது. 21 உழைப்பாளிகளின் உயிருக்கு ஓர் அரசே விலை! சுரங்கம் மூடப்பட்டது. கரி வெட்டிய ஊர் காற்றை அளக்கும் ஊரானது. இன்று பல நாடுகளின் ஆய்வுநிலையங்கள் அங்கே தோளோடு தோள் நிற்கின்றன.

நம் மாவட்டத்திலும் கரி உண்டு. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் நமக்கு விளக்கேற்றியது, வேலை தந்தது, மறப்பதற்கில்லை. நிலம் கொடுத்தவன் வீட்டில் வேலை கேட்டு நடையாய் நடந்த கதையும் உண்டு, அதையும் மறப்பதற்கில்லை. 2020இல் அங்கே இருமுறை கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எந்த அமைச்சரவை கவிழ்ந்தது என்று கேட்கமாட்டோம். கேட்டால் அரசியல் பேசுகிறான் என்பார்கள். அரசியல்தான் பேசுகிறோம். ஆனால் இன்றைக்கு வேறொன்று கேட்கிறோம்: கரியூர் ஆய்வூர் ஆகமுடியும் என்று நார்வே காட்டிவிட்டதே, நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சிதம்பரத்தில் காற்றைக் கற்பிக்கும் கூடம் ஒன்று எழக்கூடாதா?

எழக்கூடாது என்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறோம். வீரபத்திரன் இராமநாதன்.

1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைத்தால் நம் நெஞ்சில் முதலில் வருவது 1965. அந்த ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்த மாணவன் இராசேந்திரன் காவல்துறையின் குண்டுக்கு மார்பைத் தந்தான். அதே 1965ஆம் ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று வெளியே வந்தவர் இராமநாதன். மொழிக்காக ஒரு மாணவன் உயிர் தந்த ஆண்டில், பின்னாளில் உலகத்துக்கே எச்சரிக்கை மணி அடிக்கப்போகிறவர் அந்த வாயிலைக் கடந்து போனார். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மொழிக்கும் அவருக்கும்கூட ஒரு கதை உண்டு. பதினொரு வயதுவரை தமிழில் படித்து வகுப்பில் முதல்வனாயிருந்தவர். குடும்பம் பெங்களூருக்குப் போனது. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில். முதல்வன் கடைசி வரிசைக்குப் போனான். ஆசிரியர் சொல்வது விளங்காததால் எல்லாவற்றையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா, துன்பம் நன்மையாயிற்று என்று சிலர் கிளம்புவார்கள். நாம் கேட்கிறோம்: நீந்தத் தெரியாதவனைக் கெடிலத்தில் தள்ளினார்கள், ஒருவன் கரையேறினான். மூழ்கிப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் எண்ணினார்கள்?

பட்டம் பெற்றபின் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. பெட்டியிலிருந்து குளிர்வாயு கசிகிறது; ஏன் கசிகிறது என்று பார்க்கவேண்டும். பிறகு இந்திய அறிவியல் கழகம், பிறகு அமெரிக்கா. 1975இல் அதே கசிவு வாயுவைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார்: குளோரோபுளூரோகார்பன் என்னும் அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூற்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும்! ஓசோன் படலத்தை அது அரிக்கிறது என்று முந்தைய ஆண்டுதான் வேறு இருவர் கண்டிருந்தார்கள். உலகைச் சூடாக்கவும் செய்கிறது என்று கண்டவர் நம் சிதம்பரத்து மாணவர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அந்த வாயுவுக்குக் கடிவாளம் போட்டது. இதிலே வடமுனைக்கு என்ன என்கிறீர்களா? 1955க்கும் 2005க்கும் இடையே மனிதனால் வடமுனை அடைந்த சூட்டில் ஏறத்தாழப் பாதி, ஓசோனைத் தின்னும் இந்த வாயுக்களால் வந்தது என்று 2020இல் ஒரு கணிப்பொறி மாதிரி ஆய்வு சொன்னது. ஒழுகும் குளிர்பெட்டியிலே தொடங்கிய சிந்தனை உலகின் உச்சந்தலைவரை போய்த் தொட்டது!

அதோடு நிற்கவில்லை. 1999இல் பல நாட்டார் சேர்ந்து இந்தியப் பெருங்கடலின்மேல் நடத்திய காற்றாய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். தெற்காசியாவின்மேல் மூன்று கிலோமீட்டர் தடிமனில் புகைப்போர்வை தொங்குவதை அந்த ஆய்வு காட்டியது. விறகடுப்பின் புகை, டீசல் புகை, எரித்த வயலின் புகை. அதிலுள்ள கரித்துகள் வெள்ளைப் பனியிலே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சுண்ணாம்பு மாடி தார்ச்சாலையாகும். இமயத்திலும் அதுதான், வடமுனையிலும் அதுதான். ஆகவே வடமுனைக் காற்றை ஆராய்வது என்றால், நம் வீட்டுத் தாய்மார்களின் கண்ணைக் கரிக்கும் அடுப்புப் புகையையும் ஆராய்வதே. அமெரிக்காவின் டைலர் பரிசு 2009இல் அவரைத் தேடி வந்தது, ஐ.நா. 2013இல் சிறப்பித்தது. போப்பாண்டவரின் அறிவியல் கழகத்திலும் உறுப்பினராக அமர்த்தினார்கள். கலீலியோவை விசாரித்த திருச்சபை, காற்றைப் பற்றிச் சிதம்பரத்துக்காரரிடம் கேட்கும் காலம் வந்தது. பகுத்தறிவாளர்களாகிய நாம் புன்னகை செய்துகொள்ளலாம்.

இவருக்கு முன்னே ஓர் அம்மையார். பீர்மேட்டில் 1918இல் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மாணி. 1945இல் இயற்பியல் படிக்கத்தான் இலண்டன் போனார். உதவித்தொகை கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி பெறுவதற்கு. அதையே கற்று 1948இல் திரும்பினார். வெளிநாட்டிலிருந்து வெப்பமானியும் மழைமானியும் வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் எழுதி உள்நாட்டிலேயே செய்வித்தார். பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை 1960களில் இங்கேயே செய்தபோது, உலகில் அதைச் செய்யத் தெரிந்த நாடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பயிற்சி என்றால் அது. கருவியை வாங்கி விசையை அழுத்துவதல்ல, கருவியின் வயிற்றைத் திறந்து பார்ப்பது.

நீ ஓலெசுண்டில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நடத்தும் நிலையத்திலிருந்து நாள்தோறும் ஒரு பலூன் வானேறுகிறது. அதன் கயிற்றில் வெப்பம், ஈரம், அழுத்தம் அளந்து வானொலி வழியே சொல்லும் சிறு பெட்டி. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும், பலூன் ஊதிக்கொண்டே போகும், சுமார் முப்பது கிலோமீட்டரில் வெடிக்கும். அதை விடக் கற்றுக்கொள்ளும் இளைஞன் வேறு பலவும் கற்கவேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி. துப்பாக்கி பிடிக்கப் பழகவேண்டும். ஓடிவருகிறவன் உள்ளே நுழைந்துகொள்ளவேண்டும் என்பதற்காக அங்கே வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. விண்வெளியின் மெல்லிய ஒலிகளைக் கேட்கும் வானலை வாங்கி ஒன்று இருப்பதால் கைப்பேசியின் கம்பியில்லா வசதிகளை அணைத்துவிடவேண்டும். நம் இளைஞர்களுக்குக் கரடியைவிட இது கடினமாயிருக்கும்! அக்டோபர் கடைசியில் மறையும் ஞாயிறு பிப்ரவரி நடுவில்தான் தலைகாட்டும். அந்த நீண்ட இருளில் கைவிரல் விறைக்கக் கருவியைத் துடைத்து, எண்ணைக் குறித்து, மனம் தளராமலிருக்கப் பழகவேண்டும்.

இதையெல்லாம் மற்ற நாடுகள் எப்படிக் கற்பிக்கின்றன? நார்வே 1993இல் சுவால்பார்டிலேயே ஒரு பல்கலைக்கழக மையம் திறந்தது. முதற்பாடம் உயிர் காத்துக்கொள்வது, அடுத்த பாடம்தான் பனியும் காற்றும். 2019இல் ஜெர்மனியின் 'போலார்ஷ்டெர்ன்' கப்பலை வடமுனைப் பனியிலே வேண்டுமென்றே உறையவிட்டு ஓராண்டு மிதக்கவைத்தார்கள். அப்போது உடன்சென்ற ருஷ்யக் கப்பலில் இருபது இளம் ஆய்வாளர்களை ஏற்றி ஆறு வாரம் பள்ளிக்கூடமே நடத்தினார்கள்! கரும்பலகை கப்பலில், சோதனைச்சாலை கடலில். இந்தியாவும் அண்டார்க்டிகா செல்வோருக்கு இமயத்தின் ஔலியில் பனிப்பயிற்சி தருகிறது. ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்டபின் தரப்படுவது. தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தகுதியாக்கும் பயிற்சியைப் பற்றித்தான் நம் பேச்சு.

2023 டிசம்பரில் இந்தியாவின் முதல் குளிர்காலக் குழு ஹிமாத்ரிக்குப் புறப்பட்டது. முதல் அணியிலே நான்கு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்: கோவா மையம், புனேயின் வெப்பமண்டல வானிலைக் கழகம், பெங்களூரின் இராமன் ஆய்வுக் கழகம், இமாசலத்தின் மண்டி ஐ.ஐ.டி. மகிழ்ச்சி! வாழ்த்துகிறோம்! ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டின் நிறுவனம் ஒன்றுகூட அந்த முதல் அணியில் இல்லையே, ஏன்? வஞ்சித்தார்கள் என்று உடனே முழங்குவது நமக்கு எளிது. ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பினால்தானே வாய்ப்பு வரும்? எழுதத் தெரிந்தவர்களை, கருவி இயக்கத் தெரிந்தவர்களை நாம் எத்தனை பேர் உருவாக்கினோம்? கல்வியை 1976இல் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அநீதியை நாம் மன்னித்தோமில்லை. ஆனால் ஒரு பாடத்திட்டம் எழுதுவதை எந்தப் பட்டியல் தடுத்தது?

சிதம்பரத்தில் இல்லாதது என்ன? வெள்ளாற்றின் கழிமுகத்திலே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. நண்டையும் நுண்ணுயிரையும் அலையாத்தியையும் ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கியது. ஆழிப்பேரலையை அலையாத்திக் காடு எவ்வளவு தணித்தது என்று உலக அறிஞர் கண்டறிந்ததும் நம் கடலூர் மாவட்டக் கரையை அளந்துதான். கடலைப் படித்தவர்கள் அந்தக் கடலுக்கு மேலிருக்கும் காற்றையும் ஒரே கூரையின்கீழ் படிக்கட்டும். இயற்பியலும் புவியியலும் சிதம்பரத்தில் உண்டு. இடையிலே இருப்பது ஒரு பேருந்துத் தொலைவு. 2013இல் தனிச்சட்டம் இயற்றி மாநில அரசே அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றது. ஆகவே கேட்கவேண்டிய இடம் சென்னைக் கோட்டை. டெல்லிக்குப் போகவேண்டிய மனு அடுத்தது.

துருவ வளிமண்டலத்துக்கென்று இரண்டாண்டுப் பட்டமேற்படிப்பு ஒன்று. ஆண்டுக்குப் பத்துப் பேர் போதும். மீனவர் வீட்டுப் பெண், உப்பளத்துக்காரர் மகன், சேரியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவன் — இவர்களுக்கு உதவித்தொகையோடு இடம். முதலாண்டு பரங்கிப்பேட்டையில் தூசு அளக்கும் கருவியும் பலூனும் தாமே கழற்றிப் பூட்டிப் பழகுதல். இரண்டாமாண்டு கோவாவில் ஒரு பருவம். பாடநூல் தமிழிலும் இருக்கவேண்டும். ஆங்கிலம் வேண்டாமென்று எவனும் சொல்லவில்லை. உலகோடு பேச அதுவே வாயில். ஆனால் முதல் விளக்கம் தாய்மொழியில் கிடைத்தவன் கெடிலத்தில் தத்தளிக்கமாட்டான். வளிமண்டலம், கரித்துகள், கடற்பனி — சொற்கள் இருக்கின்றன, நூல்தான் இல்லை.

பணம் எங்கே என்பார்கள். நம்மவர்களையும் விடப்போவதில்லை. ஒரு தலைவர் கடலூருக்கு வருகிறாரென்றால் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர்வரை பதாகை. சிரித்த முகத்தோடு நாமே நின்றிருக்கிறோம். அந்தத் துணிக்கணக்கை ஒருநாள் பார்க்கவேண்டும்.

கூடம் எழும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். காரைக்காலில் வானிலைத் துறையின் நிலையம் இருக்கிறது. வடமுனையில் விடுவதைப் போன்ற பலூனை அங்கேயும் வானில் விடுகிறார்கள். சிதம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் முறைப்படி அனுமதி எழுதிக் கேட்டு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டட்டும். வண்டிச் செலவை நம் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த மாதம் இரண்டு பதாகையைக் குறைத்தால் ஒரு பேருந்து.